கேட்டுப் பெறும் ஏற்பாடுகள்: உயர்கல்வியில் மாற்றுத்திறனாளி மாணவர்கள்

மூன்று மணி நேரத் தேர்வை நான்கு மணி நேரம் எழுத விடுவது, கையால் எழுத இயலாதவருக்குச் சொல்வதை எழுதுபவர் ஒருவரை அமர்த்துவது, பாடக்குறிப்பைத் திரைவாசிப்பான் படிக்கக்கூடிய கோப்பாகத் தருவது, சக்கர நாற்காலியில் வரும் மாணவியின் வகுப்பை மூன்றாம் மாடியிலிருந்து தரைத்தளத்துக்குக் கொண்டுவருவது ஆகிய அனைத்தும் ஒரே வகையைச் சேர்ந்தவை. இந்தியச் சட்டம் இவற்றை நியாயமான ஏற்பாடுகள் என்று பார்க்கிறது. கல்லூரியின் பாடமும் தேர்வும் கண்ணும் காதும் கையும் காலும் ஒரே மாதிரி இயங்குவோரை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. அந்த அமைப்புக்குள் பொருந்தாத மாணவருக்குத் தமக்குத் தெரிந்ததைக் காட்டவே வழியில்லாமல் போகிறது. அந்த வழியைத் திறந்துவிடுவதுதான் ஏற்பாட்டின் வேலை. இதனால் பாடத்திட்டம் சுருங்குவதில்லை, தேர்ச்சி மதிப்பெண்ணும் குறைவதில்லை. வேதிச் சமன்பாட்டைச் சமன்செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அப்படியே இருக்கிறது. அதைத் தம் கையால்தான் எழுதிக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் விலகுகிறது.

இதற்கு அடிப்படை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். 2006-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபரில் உறுதிசெய்தது. அந்தக் கடமையை நிறைவேற்ற வந்த சட்டம் இது. 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. பிறருக்குச் சமமாக உரிமைகளைத் துய்க்க ஒருவருக்குத் தேவையான, பொருத்தமான மாற்றங்கள், அவற்றைச் செய்து தருபவர்மீது அளவுக்கு மீறிய சுமை ஏற்றாதவரை, நியாயமான ஏற்பாடுகள் என்று அதன் 2-ஆம் பிரிவு வரையறுக்கிறது. அதே பிரிவில் இன்னொரு வரையறையும் உண்டு: அத்தகைய ஏற்பாட்டை மறுப்பதே பாகுபாடு. இந்த ஒரு வரியின் கனத்தைப் பல கல்லூரி நிர்வாகங்கள் இன்னும் உணரவில்லை. ஏற்பாட்டை மறுத்த கல்லூரி, உதவி செய்யாமல் விட்ட கல்லூரி என்ற அளவில் நின்றுவிடுவதில்லை. சட்டப்படி அது பாகுபாடு காட்டிய கல்லூரி ஆகிறது.

16-ஆம் பிரிவு, அரசின் நிதி பெறும் கல்வி நிறுவனங்களையும் அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களையும் நோக்கிப் பேசுகிறது. ஆகவே சுயநிதிக் கல்லூரி என்பதால் விலக்கு இல்லை. ஒவ்வொரு மாணவரின் தேவைக்கு ஏற்ப ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. 17-ஆம் பிரிவு பாடத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் செய்யவேண்டிய மாற்றங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது: தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு. 32-ஆம் பிரிவு அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இட ஒதுக்கீட்டைத் தருகிறது.

இவ்வளவு இருந்தும் கல்லூரிக்குள் வந்து சேர்வோர் மிகக் குறைவு. 2020-21-ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சேர்ந்திருந்த ஏறத்தாழ 4.14 கோடி மாணவர்களில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 79 ஆயிரம் பேர். ஆயிரத்துக்கு இரண்டு பேர்கூட வரவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்போ மக்களில் ஆயிரத்துக்கு 22 பேர் மாற்றுத்திறனாளிகள் என்று காட்டியது. பள்ளியிலேயே படிப்பை விட்டவர்கள் இந்த இடைவெளியில் பெரும்பங்கு என்றாலும், கல்லூரியில் இருந்துகொண்டே தம் நிலையை வெளியே சொல்லாதவர்களும் இதற்குள் இருக்கிறார்கள். கற்றல் குறைபாடு, மனநோய், ஹீமோஃபிலியா போன்றவை பார்த்த மாத்திரத்தில் தெரிவதில்லை. சொல்லாதவர்களுக்கு ஏற்பாடு எதுவும் தானாக வந்து சேராது. சட்டம் உரிமையைத் தந்தாலும், அந்த உரிமை கல்லூரி வாசலுக்குள் உயிர்பெறுவது ஒரு விண்ணப்பத்தின் வழியாகத்தான்.

யார் விண்ணப்பிக்கலாம் என்பதில்தான் அதிகக் குழப்பம். 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றது. 2016 சட்டம் அதை 21 வகைகளாக விரித்தது. பார்வையின்மை, குறைபார்வை, செவித்திறன் குறைபாடு, கை கால் இயக்கக் குறைபாடு, மூளை முடக்குவாதம், தசைச்சிதைவு ஆகியவற்றோடு ஆட்டிசம், மனநோய், கற்றல் குறைபாடு, பார்கின்சன், தலசீமியா, ஹீமோஃபிலியா, அரிவாள் செல் இரத்தசோகை, அமில வீச்சுக்கு ஆளானோர் வரை இந்தப் பட்டியலில் உண்டு. குறைபாட்டின் அளவு 40 விழுக்காடும் அதற்கு மேலும் என்று சான்றளிக்கப்பட்டவர்களுக்கே இட ஒதுக்கீடு. இந்த 40 என்ற எண் அலுவலகங்களின் மனத்தில் பதிந்துபோய், எதைக் கேட்டாலும் முதலில் அதையே கேட்கும் வழக்கம் உருவாகிவிட்டது. அது தவறு என்பதை உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

2021 பிப்ரவரி 11 அன்று விகாஷ் குமார் வழக்கில் வந்த தீர்ப்பு இதில் திருப்புமுனை. குடிமைப் பணித் தேர்வு எழுதிய அவருக்கு, எழுதத் தொடங்கினால் கைத்தசைகள் இறுகிக்கொள்ளும் நரம்பியல் சிக்கல் இருந்தது. குறைபாட்டின் அளவு 40 விழுக்காட்டை எட்டாததால் சொல்வதை எழுதுபவரைத் தர மத்தியத் தேர்வாணையம் மறுத்தது. நியாயமான ஏற்பாடு பெறும் உரிமைக்கும் 40 விழுக்காட்டுக்கும் தொடர்பில்லை, அந்த வரம்பு இட ஒதுக்கீடு போன்ற சில பயன்களுக்கு மட்டுமே உரியது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டு உரிமையியல் நீதிபதிப் பணியிடம் தொடர்பாக 2019-இல் தானே வழங்கியிருந்த ஒரு தீர்ப்பின் பார்வை இனி செல்லாது என்றும் கூறியது. இதையடுத்து, 40 விழுக்காட்டுக்குக் குறைவான குறைபாட்டால் எழுதச் சிரமப்படுவோருக்கான தனி வழிகாட்டுதல்களை மத்திய அரசு 2022 ஆகஸ்ட் 10 அன்று வெளியிட்டது. 2025 பிப்ரவரியில் குல்ஷன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே நிலைப்பாட்டை மேலும் வலியுறுத்தி, அந்த வழிகாட்டுதல்களைத் திருத்தி எல்லா மாற்றுத்திறனாளித் தேர்வர்களுக்கும் விரிவாக்கும்படி உத்தரவிட்டது. ஆகவே 35 விழுக்காடு என்று சான்று வைத்திருக்கும் மாணவரை ‘உங்களுக்கு வராது’ என்று திருப்பி அனுப்பும் எழுத்தர் சட்டத்துக்கு எதிரான பதிலையே சொல்கிறார்.

விண்ணப்பத்துக்கு வேண்டிய ஆவணங்கள் இரண்டு வகை. முதலாவது, குறைபாட்டை உறுதிசெய்யும் அரசுச் சான்று. 2021 ஜூன் முதல் இந்தச் சான்றுக்கு யூடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான அரசு இணையதளத்தின் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும்; மருத்துவக் குழுவின் பரிசோதனைக்குப் பின் சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் வரும். தமிழ்நாட்டில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இதற்கு வழிகாட்டும். மருத்துவக் குழு கூடும் நாளுக்கும் அட்டை கைக்கு வரும் நாளுக்கும் இடையே மாதங்கள் ஓடிவிடுவது உண்டு. எனவே பிளஸ் டூ முடித்த கோடை விடுமுறையிலேயே இந்த வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது. பள்ளிக்காலத்தில் வாங்கிய தற்காலிகச் சான்று காலாவதியாகியிருக்கக் கூடும். கற்றல் குறைபாடு உள்ள மாணவர்கள் இதைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும்.

இரண்டாவது ஆவணம் பலருக்கும் தோன்றாதது, ஆனால் விண்ணப்பத்தின் பலமே அதில்தான் இருக்கிறது. சான்றிதழ் நோயின் பெயரையும் விழுக்காட்டையும் சொல்லும். வகுப்பறையில் என்ன முடியவில்லை என்பதைச் சொல்லாது. ‘மூளை முடக்குவாதம், 50 விழுக்காடு’ என்ற வரியிலிருந்து, ஒரு மாணவருக்குப் பேச்சில் சிக்கலா, எழுதுவதில் சிக்கலா, நீண்ட நேரம் உட்காருவதில் சிக்கலா என்று எந்தத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலராலும் அறிய முடியாது. சிகிச்சை அளிக்கும் மருத்துவரோ உளவியலாளரோ தொழில்வழிச் சிகிச்சையாளரோ தரும் ஒரு பக்கக் கடிதம் அந்த இடைவெளியை நிரப்பும். நிமிடத்துக்கு எத்தனை சொல் எழுத முடிகிறது, எத்தனை நிமிடத்தில் கை சோர்கிறது, எந்த எழுத்தளவுக்குக் கீழே படிக்க முடியவில்லை, மருந்தினால் காலை நேரத்தில் மயக்கம் உண்டா என்பவை அதில் இருக்க வேண்டும். எழுதுவதில் உள்ள சிரமத்துக்கு அரசு மருத்துவ நிறுவனத்தின் அலுவலர் குறிப்பிட்ட படிவத்தில் தரும் சான்று பல நேர்வுகளில் தேவைப்படும். பார்வையின்மை, இரு கைகளும் பாதிக்கப்பட்ட இயக்கக் குறைபாடு, மூளை முடக்குவாதம் ஆகிய மூன்றுக்கும் அந்தக் கூடுதல் சான்று வேண்டியதில்லை. இவர்கள் விரும்பிக் கேட்டாலே சொல்வதை எழுதுபவரைத் தர வேண்டும் என்பது 2018 ஆகஸ்ட் 29 அன்று மத்திய அரசு வெளியிட்ட எழுத்துத்தேர்வு வழிகாட்டுதல்களில் உள்ளது.

யாரிடம் கொடுப்பது என்பது கல்லூரியின் வகையைப் பொறுத்தது. தன்னாட்சிக் கல்லூரியில் தேர்வை நடத்துவது கல்லூரியே. அங்குள்ள தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரே முடிவெடுப்பவர். பல்கலைக்கழகத்தோடு இணைவுபெற்ற கல்லூரியில் பருவத்தேர்வுக்கான அனுமதி பல்கலைக்கழகத்திலிருந்து வர வேண்டும். முதல்வரின் பரிந்துரையோடு விண்ணப்பம் அங்கே போய்த் திரும்ப வேண்டும். உள்மதிப்பீட்டுத் தேர்வு, ஒப்படைப்பு, ஆய்வகம், வருகைப்பதிவு போன்றவை துறைத் தலைவர், முதல்வர் மட்டத்திலேயே முடியும் காரியங்கள். பல பல்கலைக்கழகங்களில் சம வாய்ப்பு மையம் அல்லது மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான தனிப் பிரிவு இருக்கிறது. சென்னை லயோலா கல்லூரியில் இதற்கென ஒரு வள மையமே இயங்குகிறது. அத்தகைய மையம் இருந்தால் முதலில் அங்கே போவதே சரி. இல்லாத இடத்தில் வகுப்புப் பொறுப்பாசிரியரிடம் தொடங்கி, எழுத்துவடிவில் முதல்வருக்குக் கொடுக்க வேண்டும். வாய்மொழியாகச் சொல்லி ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பதிலோடு திரும்பும் மாணவர், தேர்வுக்கு முந்தைய நாள் அந்த ஆசிரியர் விடுப்பில் இருப்பதைக் காண நேரிடும்.

நேரம் இதில் மிக முக்கியம். சேர்க்கை நடந்த முதல் மாதத்திலேயே விண்ணப்பம் போய்விட்டால், முதல் உள்மதிப்பீட்டுத் தேர்விலிருந்தே ஏற்பாடு நடைமுறைக்கு வரும். தேர்வுக் கட்டணம் கட்டும் சமயத்தில்தான் பெரும்பாலான மாணவர்கள் விழித்துக்கொள்கிறார்கள். அதற்குள் பருவத்தின் முக்கால்வாசி முடிந்திருக்கும். பாடத்தைப் படிக்கவே வழியில்லாமல் கழிந்த நாட்களைத் தேர்வில் கிடைக்கும் ஒரு மணி நேரத்தால் ஈடுகட்ட முடியாது. நம் கல்லூரிகளில் ஏற்பாடு என்றாலே சொல்வதை எழுதுபவரும் கூடுதல் ஒரு மணி நேரமும் என்று சுருங்கிப்போயிருப்பது பெரிய இழப்பு. சட்டம் தரும் இடம் அதைவிட மிக விரிந்தது.

பார்வையற்ற மாணவரை எடுத்துக்கொண்டால், அவருடைய முதல் தேவை படிக்கக்கூடிய பாடநூல். என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கணினியில் உள்ள எழுத்தை அவை குரலாக்கிச் சொல்லும். ஆனால் எழுத்து எழுத்தாகவே கோப்பில் இருந்தால்தான் அது நடக்கும். நூல்களை ஒளிப்படமாக வருடி எடுத்த பிடிஎஃப் கோப்பு, திரைவாசிப்பானுக்கு வெறும் படம். தமிழ்வழி மாணவர்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. ஆசிரியர்கள் பல ஆண்டுகளுக்கு முன் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த குறிப்புகள் இன்றும் வகுப்புகளில் சுற்றிவருகின்றன. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்த சொல், கணினிக்கு உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகளின் வரிசைதான். திரைவாசிப்பான் அதையே ஒப்பிக்கும். தமிழ்நாடு அரசு 2010-லேயே ஒருங்குறியை (யூனிகோடு) தரமாக ஏற்றுவிட்டது. பழைய கோப்பை ஒருங்குறிக்கு மாற்றும் இலவசக் கருவிகள் உள்ளன. ஒரு பாடத்தின் குறிப்புகளை மாற்ற சில நிமிடங்கள் போதும். ‘பாடக்குறிப்புகளை ஒருங்குறியில் தட்டச்சு செய்த கோப்பாகத் தருக’ என்ற ஒற்றை வரியை விண்ணப்பத்தில் சேர்ப்பது, தமிழ் இலக்கியமோ வரலாறோ படிக்கும் பார்வையற்ற மாணவருக்கு மூன்றாண்டுப் படிப்பையே மாற்றிவிடும்.

நூலை மின்வடிவாக்குவது பதிப்புரிமை மீறல் என்று தயங்கும் நூலகர்கள் உண்டு. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக இலாப நோக்கமின்றி நூல்களை அணுகத்தக்க வடிவத்துக்கு மாற்றுவதை அனுமதிக்கிறது. பார்வையற்றோருக்கான நூல்கள் குறித்த மராகேஷ் உடன்படிக்கையை உலகில் முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா; ஆண்டு 2014. சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் அத்தகைய நூல்கள் சேர்க்கப்பட்டு வருகின்றன. குறைபார்வை உள்ளவருக்குப் பெரிய எழுத்தில் அச்சிட்ட வினாத்தாள், மேசை விளக்கு, கரும்பலகைக்கு அருகில் இடம், பலகையில் எழுதுவதை வாய்விட்டும் சொல்லும் ஆசிரியர் ஆகியவை வேண்டும். வரைபடமோ படமோ பார்த்து விடையளிக்கும் கேள்விகளுக்கு மாற்றாக வேறு கேள்விகள் கேட்கவும் இடமுண்டு.

செவித்திறன் குறைந்த மாணவர்களின் சிக்கல் வேறு. தேர்வறையில் இவர்களுக்குப் பெரிய தடை இல்லை என்று தோன்றும். தடை முழுவதும் வகுப்பறையில்தான். உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் மாணவர், ஆசிரியர் பலகைப் பக்கம் திரும்பிப் பேசும் ஒவ்வொரு நிமிடமும் பாடத்தை இழக்கிறார். சைகைமொழி பெயர்ப்பாளர், வகுப்புக் குறிப்புகளை முன்கூட்டியே எழுத்தில் தருவது, காணொளிகளுக்கு எழுத்துவரி, குறிப்பெடுத்துத் தர ஒரு சக மாணவர், முன்வரிசை இடம் என்பவை கேட்கத்தக்கவை. வாய்மொழித் தேர்வுக்குப் பதில் எழுத்துத் தேர்வும் கேட்கலாம். சைகைமொழி பெயர்ப்பாளர்கள் கிடைப்பது அரிது என்பது உண்மை. சென்னை மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறைந்தோருக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடப்பது, மற்றக் கல்லூரிகள் கையைக் கழுவிவிட அனுமதி தருவதாகாது. இளங்கலையில் பகுதி 1 மொழிப்பாடமும் பகுதி 2 ஆங்கிலமும் படிக்கவேண்டிய தமிழ்நாட்டுக் கல்லூரிகளில், 17-ஆம் பிரிவு குறிப்பிடும் மொழிவிலக்குக்கான கோரிக்கையை முதல் பருவத்திலேயே வைப்பது அவசியம். எந்தத் தாளுக்கு விலக்கு, அதற்கு ஈடாக வேறு தாள் உண்டா என்பதைத் தத்தம் பல்கலைக்கழக விதிகளில் பார்த்து எழுத்தில் உறுதி பெற வேண்டும்.

இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கான ஏற்பாடுகள் கண்ணுக்குத் தெரிபவை என்பதால் அதிகம் பேசப்படுகின்றன: சாய்தளம், மின்தூக்கி, அகலக் கதவுள்ள கழிப்பறை, தரைத்தளத் தேர்வறை. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் உயர்கல்வி நிறுவனங்களுக்கான அணுகல் தரங்களை விரிவாக வெளியிட்டது. கட்டடம் எழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கால அட்டவணையில் அறையை மாற்றிக் குறிப்பதற்கு ஒரு செங்கல்கூடத் தேவையில்லை. ஆய்வக மேசை உயரமாக இருந்தால் தாழ்வான மேசையோ, மாணவர் சொல்லச் சொல்லக் கருவியைக் கையாளும் உதவியாளரோ கேட்கலாம்.

வெளியே தெரியாத நிலைகளே அதிகம் புறக்கணிக்கப்படுகின்றன. தலசீமியா கடுமையாக உள்ளவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். 75 விழுக்காட்டு வருகைப்பதிவு விதி இவர்களை ஒவ்வொரு பருவத்திலும் துரத்துகிறது. பருவத் தொடக்கத்திலேயே மருத்துவமனை நாட்களைக் குறித்துக் கொடுத்து, அந்நாட்களுக்கு வருகைத் தளர்வும் தவறிய உள்மதிப்பீட்டுக்கு மறுதேர்வும் கேட்டால், பருவ முடிவில் அபராதம் கட்டிக் கெஞ்சும் நிலை வராது. மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவருக்குத் தனி அறையில் தேர்வு, இடைவேளை, ஒப்படைப்புக்குக் கூடுதல் நாள் போன்றவை பயன்படும். ஆட்டிசம் உள்ளவருக்கு இரைச்சலற்ற இடமும், தேர்வு முறையில் செய்யும் மாற்றங்களை முன்கூட்டியே சொல்வதும் உதவும். நோயின் பெயரை எல்லா ஆசிரியர்களுக்கும் அறிவிக்க வேண்டிய தேவை இல்லை. ஏற்பாடு இன்னதென்று தெரிந்தால் அவர்களுக்குப் போதும். மருத்துவ ஆவணங்களை முடிவெடுக்கும் அலுவலர் மட்டுமே பார்க்க வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே எழுதலாம்.

இனி, சொல்வதை எழுதுபவர். 2018 வழிகாட்டுதல்களின்படி தேர்வின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் குறைந்தது 20 நிமிடம் ஈட்டு நேரம் உண்டு. மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி நேரம் சேரும். சொல்வதை எழுதுபவரைத் தேர்வு நடத்தும் அமைப்பிடமும் கேட்கலாம், மாணவரே அழைத்தும் வரலாம். மாணவர் அழைத்து வருபவரின் கல்வித்தகுதி அவருடையதைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்று அந்த வழிகாட்டுதல்கள் கூறின. அமைப்பே தருவதானால், அந்த நபரைத் தேர்வுக்கு இரண்டு நாள் முன் சந்தித்துப் பார்க்கும் வாய்ப்பும் தரப்பட வேண்டும். வெவ்வேறு தாள்களுக்கு, குறிப்பாக மொழித்தாள்களுக்கு, வெவ்வேறு நபர்களை வைத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. இந்த விதிகள் அவ்வப்போது திருத்தப்படுபவை. போட்டித் தேர்வுகளில் கட்டுப்பாடுகள் இன்னும் இறுக்கமானவை. ஆகையால் அந்தந்தத் தேர்வின் அறிவிக்கையைப் படித்தே முடிவு செய்ய வேண்டும்.

விதியில் இருப்பது ஒன்று, ஆள் கிடைப்பது இன்னொன்று. பருவத்தேர்வுக் காலத்தில் இளைய மாணவர்களுக்கும் தேர்வு இருக்கும். என்.எஸ்.எஸ்., இளையோர் செஞ்சிலுவை அமைப்புகளின் தன்னார்வலர்களைக் கொண்டு கல்லூரியே ஒரு பட்டியலை வைத்திருப்பது கல்லூரியின் கடமையாகக் கருதப்பட வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் மாணவரும் பெற்றோரும் ஆள் தேடி அலைவது நியாயமான ஏற்பாடு ஆகாது. தமிழில் விடை சொல்பவருக்குத் தமிழைப் பிழையின்றி விரைந்து எழுதத் தெரிந்தவர் வேண்டும். ஆங்கிலவழியில் படித்தவர் கிடைத்தால், ணகர னகர வேறுபாட்டைச் சொல்லிச் சொல்லியே நேரம் கரைந்துவிடும். கணிதத்தில் அடைப்புக்குறி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைச் சொல்வதற்கே பயிற்சி வேண்டும். சொல்லி எழுதவைப்பது ஒரு தனித்திறன். உள்மதிப்பீட்டுத் தேர்வுகளில் பழகாமல் பருவத்தேர்வில் முதன்முறையாக அதைச் செய்பவர் தடுமாறுவார். கணினியில் தாமே தட்டச்சு செய்ய முடிந்தவருக்கு அது இதைவிட நல்ல வழி: பிறரை நம்பியிருக்க வேண்டியதில்லை, எழுதியதைத் திரும்பப் படித்துத் திருத்தவும் முடியும். கணினி வழியைக் கேட்கும்போது தமிழ்99 போன்ற விசைப்பலகையும் திரைவாசிப்பானின் தமிழ்க்குரலும் அந்தக் கணினியில் இருக்க வேண்டும் என்று குறிப்பிட்டு, முதல் நாளே அதைச் சோதித்துப் பார்க்கவும் அனுமதி கேட்க வேண்டும்.

விண்ணப்பம் எழுதும் முறையில்தான் பல கோரிக்கைகள் தோற்கின்றன. ‘எனக்குக் குறைபார்வை உள்ளது, தேர்வில் உதவி செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்ற கடிதத்தைப் படிக்கும் அலுவலருக்கு என்ன செய்வதென்று தெரியாது, கோப்பில் வைத்துவிடுவார். ‘வழக்கமான எழுத்தளவில் உள்ள வினாத்தாளை என்னால் படிக்க முடியாது. 20 புள்ளி அளவில் அச்சிட்ட வினாத்தாள், மேசை விளக்கு, மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி ஈட்டு நேரம் ஆகியவற்றை எல்லா உள்மதிப்பீட்டுத் தேர்வுகளுக்கும் பருவத்தேர்வுகளுக்கும் வழங்க வேண்டுகிறேன்’ என்ற கடிதத்துக்கு ஆணை பிறப்பிக்கலாம். முடியாதது எது, அதற்கு வேண்டியது எது, எந்தெந்த இடத்தில், எதுவரை என்ற நான்கும் அதில் இருக்கின்றன. படிப்புக்காலம் முழுமைக்கும் என்று கேட்டுவிட்டால் ஒவ்வொரு பருவத்துக்கும் மறுபடி விண்ணப்பிக்கும் அலைச்சல் குறையும். சட்டத்தின் 16, 17-ஆம் பிரிவுகளை ஒரு வரியில் சுட்டுவது போதும். நகல் ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும், அல்லது மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். பின்னால் எந்தக் கதவைத் தட்டினாலும் முதலில் கேட்கப்படுவது அந்த முத்திரையிட்ட நகல்தான்.

கேட்ட எல்லாமும் அப்படியே கிடைத்துவிடும் என்பதில்லை. நிறுவனத்துக்கு அளவுக்கு மீறிய சுமை என்றால் மறுக்கலாம் என்று சட்டமே இடம் வைத்திருக்கிறது. ஆனால் சுமை என்று சொன்னால் மட்டும் போதாது. அந்த மாணவரின் நேர்வில் அது ஏன் சுமை என்று காரணம் காட்ட வேண்டும், மாற்று வழி இருக்கிறதா என்று மாணவரோடு பேசிப் பார்க்க வேண்டும். ‘இதுவரை யாருக்கும் செய்ததில்லை’ என்பதும் ‘மற்ற மாணவர்கள் கேள்வி கேட்பார்கள்’ என்பதும் சுமை ஆகா.

எழுத்துவடிவில் மறுப்பு வந்தாலோ, பதிலே வராமல் போனாலோ, அடுத்த படிகள் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான பாகுபாடு குறித்த புகார்களும் அதன் வரம்புக்குள் வரும். புகார் வந்த 15 வேலை நாட்களுக்குள் அது அறிக்கை தர வேண்டும். அதில் நிறைவில்லை என்றால் குறைதீர்ப்பாளரிடம் 15 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அவர் 30 நாட்களில் முடிவு சொல்ல வேண்டும். இதற்கு வெளியே, மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமும், மத்திய நிறுவனம் என்றால் புதுதில்லியில் உள்ள தலைமை ஆணையரிடமும் முறையிடலாம். ஆணையருக்கு ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் உண்டு. அவருடைய பரிந்துரையை ஏற்று எடுத்த நடவடிக்கையையோ, ஏற்காததற்கான காரணத்தையோ நிறுவனம் மூன்று மாதங்களுக்குள் தெரிவிக்க வேண்டும். சட்டத்தை முதல் முறை மீறினால் 10 ஆயிரம் ரூபாய் வரையும், மீண்டும் மீறினால் 50 ஆயிரம் முதல் 5 இலட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க 89-ஆம் பிரிவு வழிசெய்கிறது.

தேர்வு நாளிலேயே மறுப்பு நேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அவ்னி பிரகாஷ் வழக்கு எடுத்துக்காட்டு. எழுதுதல் குறைபாடு உள்ள அந்த மாணவிக்கு 2021 நீட் தேர்வில் ஒரு மணி நேர ஈட்டு நேரம் தரப்படவில்லை. விடைத்தாள் முன்கூட்டியே வாங்கப்பட்டது. அவருக்கு இழைக்கப்பட்டது அநீதி என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் ஏற்றது. அதை எப்படிச் சரிசெய்வதென்று ஒரு வாரத்துக்குள் முடிவெடுக்கும்படி தேசியத் தேர்வு முகமைக்கு உத்தரவிட்டது. ஆனால் மறுதேர்வு கிடைக்கவில்லை. எனவே அனுமதி ஆணையின் நகலைத் தேர்வுக்கூட நுழைவுச்சீட்டோடு சேர்த்தே எடுத்துச் செல்ல வேண்டும். தேர்வுக்கு ஓரிரு நாள் முன்னதாகவே மையக் கண்காணிப்பாளரைச் சந்தித்து ஏற்பாடு நடைபெறுவதை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். மறுத்தால், அங்கேயே அப்போதே எழுத்தில் முறையீடு கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். இளங்கலையில் கிடைத்த ஆணை முதுகலைக்கு வேறு பல்கலைக்கழகத்தில் சேரும்போது தானாகச் செல்லாது. அங்கே புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அப்போது, ஏற்கனவே மூன்றாண்டுகள் இந்த ஏற்பாடுகளோடு படித்துத் தேறியதைக் காட்டும் பழைய ஆணையின் நகலே மிக வலுவான ஆவணமாக அமையும்.